அரைக்கால் வேலி விண்ணப்பம்

பெறுநர்: கல்விக் கடன் பிரிவு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு வங்கி.
அனுப்புநர்: நர்ஸ் ஒருத்தியின் தகப்பன், ஏனாத்தூர், காஞ்சிபுரம் மாவட்டம்.

ஐயா,

கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த இரண்டு வருஷ முதுகலைப் படிப்புக்காக, மகளோடு உங்கள் மேஜை முன் நின்றேன். "ஏற்கெனவே நர்ஸ்தானே, இன்னும் என்னத்தைப் படிக்கணும்?" என்றீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வென்டிலேட்டர் அலறினால் முதலில் ஓடுவது யார் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். நான்தான் கையைப் பிடித்து அமர்த்தினேன். கடன் கேட்க வந்த இடத்தில் பாடம் நடத்தக் கூடாதல்லவா?

உங்கள் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. நர்ஸ் பிராக்டிஷனர்களுக்குத் தனிப் பதவி வரிசை வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதியிருக்கிறது. நாங்கள் பார்த்த வேலை அறிவிப்பு எதிலும் அந்தப் பேர் இல்லை.

உங்கள் விதிகளின் நேர்த்தியையும் பாராட்டியாக வேண்டும். பி.எஸ்சி. முடித்து ஒரு வருஷம் வேலை பார்த்தால்தான் மேற்படிப்பு என்கிறது கவுன்சில். படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் பழைய கடனுக்குத் தவணை ஆரம்பம் என்கிறீர்கள் நீங்கள். மேலே படிக்கத் தகுதி வரும் மாதமும் தவணை வரும் மாதமும் ஒன்றாக விழுகின்றன. ஜோசியர்கூட இப்படி நாள் குறிக்க மாட்டார். வட்டி மானியமாவது உண்டா என்றேன். வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு உண்டு, ஆனால் இளங்கலை அல்லது முதுகலை, ஒரே ஒரு முறைதான், அதை பி.எஸ்சி.யிலேயே தீர்த்துவிட்டீர்கள் என்றீர்கள். பழைய கடனையும் புதியதையும் கூட்டி, ஏழரை லட்சத்தைத் தாண்டுகிறது, நிலப் பத்திரம் கொண்டு வாருங்கள் என்றீர்கள். எங்கள் வீட்டுக்கு ஏழரை எப்போதும் இப்படித்தான் வரும்.

நிலம் என்றதும் உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் வெட்டியிருக்கின்றன. வருஷம் 921. சபைக்கு நிற்பவனுக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று, பிறருக்கு விளக்கத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும். படிப்பைப் பார்த்து நிலத்தில் பாதியைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள்! அந்தச் சபை வாசலில் என்னையோ என் மகளையோ நிற்க விட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை. என்னிடம் இருப்பது 85 சென்ட், இப்போதைய கணக்கில் ஏறக்குறைய அரைக்கால் வேலி. மகளுக்கு ஐசியு தெரியும், ஜூனியர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறாள். தள்ளுபடி உண்டா?

கல்வெட்டின் இன்னொரு விதியை மட்டும் விடாமல் காப்பாற்றி வருகிறீர்கள். கணக்குக் காட்டாதவனோடு அவன் சொந்தக்காரர்களையும் குடத்தில் சேர்க்கக் கூடாது என்று இருக்கிறது. நான் பயிர்க்கடனில் தவறியதால் மகளுக்குக் கடன் இல்லை என்கிறது உங்கள் கம்ப்யூட்டர்.

சம்பளத்தில் கட்டலாமே என்பீர்கள். 50 படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைத்த கமிட்டி 2016-இல் பரிந்துரைத்தது. மகளின் சம்பளச் சீட்டு அதைப் படித்ததாகத் தெரியவில்லை. தமிழக அரசே 2015-இல் பரீட்சை வைத்து எடுத்த ஒப்பந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு யோசனை. விண்ணப்பித்த பிள்ளைகளின் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குங்கள். குடம் நான் கொண்டு வருகிறேன். ஓலை எடுக்க விவரம் அறியாத சிறுவன் வேண்டும் என்கிறது கல்வெட்டு. எங்கள் தெருவில் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு இன்னும் சிபில் ஸ்கோர் வரவில்லை.

இப்படிக்கு,
85 சென்ட்காரன்