பள்ளி முகவரி விற்பனைக்கு

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா தெருவில் கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். காஞ்சிபுரம் பட்டு உண்டு, அத்தர் உண்டு, ஜாமு உண்டு, பாஜு கூரோங் உண்டு. சனிக்கிழமை மாலையில் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் இரவுச் சந்தைக்குப் போனால் மிச்சமும் கிடைக்கும். ஒரே ஒரு சரக்குக்குத்தான் இன்னும் ஒழுங்கான கடை இல்லை. அதுதான் பள்ளி முகவரி.

கிராக்கிக்குக் குறைவில்லை. ஒன்றாம் ஆண்டுப் பதிவு தொடங்கியதும் ஊரே அலைகிறது. சரக்கும் புழக்கத்தில்தான் இருக்கிறது. சித்தப்பா வீட்டு மின்சார பில்லாகவும், முதலாளி மச்சானின் தண்ணீர் பில்லாகவும், குடியேறாத வீட்டுக்கு எழுதிய வாடகை ஒப்பந்தமாகவும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. இப்படித் திருட்டுத்தனமாக நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மாநகர் மன்றத்தில் லைசென்ஸ் எடுத்து, பட்டுக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் ஒரு கடை போட்டுவிடலாம் என்பது என் தாழ்மையான யோசனை.

வியாபாரம் எப்படி நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"வாங்கண்ணே, வாங்கக்கா. எந்தப் பக்கம் பாக்குறீங்க? புக்கிட் நானாஸா, பங்சாரா?"

"மகளுக்கு ஒண்ணாம் வகுப்பு தம்பி. கொஞ்சம் பேரு உள்ள பள்ளியா இருந்தா…"

"பேரு இருந்தா வெலையும் இருக்கும்ணே. மின்சார பில் மட்டும் போதுமா, தண்ணி பில்லோட சேர்த்து செட்டா எடுக்கிறீங்களா? செட்டா எடுத்தா வாடகை ஒப்பந்தம் ஃப்ரீ."

"இடம் கிடைக்கலன்னா?"

"மேல்முறையீட்டுக் கடிதம் இருக்கு. தொகுதி ஒய்.பி. கையெழுத்தோட ஒரு வெலை, கையெழுத்து இல்லாம ஒரு வெலை. கையெழுத்து இல்லாததுக்கு உத்தரவாதம் கிடையாதுக்கா, இப்பவே சொல்லிடுறேன்."

கல்வி அதிகாரிகள் கோபப்பட வேண்டாம். அந்தக் கடையைக் கட்டப்போவதே நீங்கள்தான். தேசியப் பள்ளியில் இடம் வேண்டுமென்றால் வீட்டு முகவரி வேண்டும், முகவரிக்குக் காகிதச் சான்று வேண்டும் என்று விதி வைத்தீர்கள். இதே தெருவிலுள்ள சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் போன்ற பழைய அடுக்குமாடிகளிலும், கடைகளுக்கு மேலே தடுத்த அறைகளிலும் குடித்தனம் செய்பவர்களை நினைத்துப் பார்த்தீர்களா? அப்பா துணிக்கடையில் நிற்கிறார், அம்மா உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறார். வீடு உள்வாடகை. பில் யார் பெயரில் வருகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. 1899-இல் தொடங்கிய புக்கிட் நானாஸ் கான்வென்ட்டும் 1904-இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸும் இந்தத் தெருவிலிருந்து பிள்ளைகள் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. நடக்கும் தூரத்தில் இருப்பவனிடம் காகிதம் இல்லை. காகிதம் வைத்திருப்பவனோ காலை நெரிசலில் ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிறான். இதற்குப் பெயர்தான் வட்டாரவாரியான சேர்க்கை.

சட்டத்தின் கருணை தனி. 2003 முதல் இந்நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சேர்க்கப் போனவனை "காகிதம் சரியில்லை, பிறகு வா" என்று அலையவிட்ட முகப்புக்கு எத்தனை மாதம்? அந்தப் பிரிவு அச்சாகும்போது தாள் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

முகவரியை மாற்றிக் காட்டுவது ஏமாற்று வேலையா என்றால், ஆமாம், ஏமாற்று வேலைதான். ஒரு தகப்பன் ஒரே ஒரு பில்லில் வீட்டை நாலு தெரு தள்ளி வைக்கிறான், குற்றம். ஆனால் இந்த நகரத்தில் பள்ளியையே தூக்கிக்கொண்டு போய் வைத்தவர்களை என்னவென்று அழைப்பது? புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளி 1893-இல் தோன்றியது. நகரத்தின் நடு மையத்தில், நாளுக்கு நாள் விலை ஏறும் மண்ணில் நின்றதுதான் அது செய்த ஒரே தப்பு. 2000-இல் பிள்ளைகளைச் செராஸ் பக்கம் அனுப்பினார்கள். புது இடத்தில் பள்ளிக்குப் பெயரே வேறு, ஸ்ரீ பிந்தாங் உத்தாரா. நூறு ஆண்டுக்கு மேல் சம்பாதித்த பெயரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனது போல. பழைய கட்டடத்தை இடித்தார்கள். 2007-இல் அதே மண்ணில் பெவிலியன் பேரங்காடி திறந்தது. கணக்குப் பாடம் நடந்த இடத்தில் இன்று கைப்பை விற்கிறது. அந்தக் கைப்பை ஒன்றின் விலையில் ஒரு தோட்டப்புறப் பள்ளியின் கூரையைச் சரிசெய்யலாம். இதற்கு யாரும் மோசடி என்று பெயர் வைக்கவில்லை. மேம்பாடு என்றார்கள். செயின்ட் மேரி பள்ளியின் கதையும் ஏறத்தாழ இதேதான். பள்ளி செலாயாங்குக்குப் போனது, பழைய மண்ணில் பள்ளியின் பெயரையே தாங்கிய சொகுசு மாடிவீடுகள் எழுந்தன. அங்கே புனித மேரியின் பெயரையும் சேர்த்தே விற்றுவிட்டார்கள். வியாபாரத்தில் நம் மஸ்ஜித் இந்தியாக்காரர்கள் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது.

புக்கிட் நானாஸ் கான்வென்ட் மயிரிழையில் தப்பியது. 2021 செப்டம்பரில் அதன் நிலக் குத்தகை முடிந்தபோது புதுப்பிக்க முடியாது என்றது நில அலுவலகம். கன்னியாஸ்திரீகளின் சபை நீதிமன்றப் படியேறியது. பழைய மாணவிகளும் பெற்றோரும் குரல் கொடுத்தார்கள். கடைசியில் அந்த ஆண்டு முடிவதற்குள் 60 ஆண்டுக்கு நீட்டித்துக் கொடுத்தார்கள். நல்லது, மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பள்ளிக்கு வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் பழைய மாணவிகளாக இருந்தார்கள். காஜாங் பக்கம் ஏதோ ஒரு தோட்டப் பள்ளிக்கு யார் இருந்தார்கள்? பால் மரத்துக்காரிகளுக்கு நீதிமன்றம் எந்தத் திசையில் என்றுகூடத் தெரியாது.

நம் கதைக்கு வருவோம். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். இன்று அந்த எண் 530-ஐ ஒட்டி நிற்கிறது. கோலாலம்பூருக்குள் 15. எல்லைக்கோட்டை யாரும் நகர்த்தவில்லை. எல்லைக்குள் இருந்த சனத்தை நகர்த்தினார்கள். தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், தொழிலாளியை அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆனது. தமிழ்ப்பள்ளி மட்டும் அந்தப் பழைய பெயரைச் சுமந்துகொண்டு பங்களாக்களுக்கு நடுவில் நிற்கிறது. மரம் வெட்டிய குடும்பத்தில் எத்தனை பேரால் பண்டார் உத்தாமாவில் வீடு வாங்க முடிந்தது? சனம் போன பிறகு அதிகாரி வருகிறார், வகுப்பறையை எட்டிப் பார்க்கிறார், "மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டதே" என்று வருத்தப்படுகிறார். 150 பிள்ளைகளுக்குக் கீழே இறங்கினால் அது குறைந்த மாணவர் பள்ளி. முத்திரை விழுந்ததும் மிச்சமிருக்கும் பெற்றோருக்கும் பயம் பிடிக்கிறது. ஒரு பள்ளிக்குக் கெட்ட பெயர் இப்படித்தான் வருகிறது. ஆசிரியர் கெட்டவர் என்பதால் அல்ல.

படிவம் ஒன்றுக்குப் போகும்போது நடப்பது இதைவிடக் கொடுமை. இதைப் பற்றி மட்டும் யாரும் மேடையில் பேசுவதில்லை. கைதட்டல் விழாத விஷயம். இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்பது விதி. கோலாலம்பூரைக் கெராமாட், பங்சார்-பூடு, செந்தூல் என்று மூன்று கல்வி அலுவலகங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகளை வீட்டு முகவரிப்படி வெவ்வேறு பள்ளிகளில் போடுகிறார்கள். ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து 40 பிள்ளைகள் வெளியே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பள்ளிகளுக்குப் பிரித்தால் பள்ளிக்குப் பத்து. பத்து பேருக்கு வகுப்பு கிடையாது. ஆறு வருடம் படித்த மொழி ஒரே ஒரு பட்டியலில் முடிந்துவிடுகிறது. யாரும் தமிழைத் தடை செய்யவில்லை பாருங்கள். 15-க்கும் 10-க்கும் இடையே ஒரு கோடு போட்டார்கள், அவ்வளவுதான். தாய்மொழிப் பள்ளிகளே சட்டவிரோதம் என்று வழக்குப் போட்டவர்களை உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரிலும் தோற்கடித்தன. நாமும் பட்டாசு வெடிக்காத குறையாகக் கொண்டாடினோம். பட்டியல் போடும் குமாஸ்தா அந்தத் தீர்ப்புகளைப் படித்ததாகத் தெரியவில்லை.

இனி நம்மவர்கள். அரசாங்கத்தைத் திட்டுவது சுகம். கண்ணாடியைத் திட்டத்தான் கை வருவதில்லை.

"தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று பதாகை கட்டுகிறோம். அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ளும் டத்தோவின் பேரன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று கேட்டால் கூட்டம் திடீரென்று தேநீருக்குக் கலைகிறது. 2012 வரை அனைத்துலகப் பள்ளிகளில் உள்ளூர்ப் பிள்ளைகள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அதை எடுத்ததும் நம் தலைவர்கள் பலருக்கு மூச்சு வந்தது. அங்கே எல்லைக்கோடும் இல்லை, மின்சார பில்லும் இல்லை. காசோலைதான் முகவரி. தமிழின் எதிர்காலம் பற்றிய அவர்களுடைய கவலை மட்டும் இன்றுவரை குறையவில்லை, ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடிக்கொண்டே போகிறது.

தலைவர்களை விடுங்கள். மஸ்ஜித் இந்தியாவில் மகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்க வரும் சாதாரண அப்பா அம்மா என்ன பேசுகிறார்கள்? "அந்தப் பள்ளி வேணாங்க, அங்க நம்ம ஆளுங்க ஜாஸ்தி." சொல்கிறவர் வேற்றினத்தார் அல்ல, நெற்றியில் விபூதி காய்வதற்குள் சொல்கிறார். தன் பிள்ளை போல இன்னும் இருபது பிள்ளைகள் இருப்பதுதான் ஒரு பள்ளியின் குறை என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், அவருக்கு எந்த முகவரி வாங்கிக் கொடுத்தாலும் போதாது. அதே வாயால் மறுவாரம் கேட்கிறார்: "என்னங்க, அந்த ஸ்கூல்ல தமிழே சொல்லிக் கொடுக்க மாட்டேங்கிறாங்க?" பதினைந்தில் ஒரு தலையைக் குறைத்தது யார்?

பள்ளியின் பெயரை அளப்பதற்கும் ஒரு காலத்தில் கோல் இருந்தது. ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் முடிவு வந்ததும் பள்ளி வேலியில் '8ஏ' பதாகை தொங்கும். எத்தனை முகம் சிரிக்கிறது என்று எண்ணிப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வை 2021-இல் ஒழித்துவிட்டார்கள். பதாகை போன பிறகு வாசலில் எந்த ரக கார் நிற்கிறது என்று பார்த்துத் தரத்தை முடிவு செய்கிறோம். எட்டு முறை தலைமையாசிரியர் மாறிய பள்ளியா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, படிக்கத் திணறும் பிள்ளையைக் கைபிடிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்ட பெற்றோரை விரல் விட்டு எண்ணலாம்.

சிங்கப்பூரில் இந்த நோய்க்கு டேப் வைத்து அளக்கிறார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் 1 கிலோமீட்டருக்குள் என்றால் முதல் முன்னுரிமை, 2 கிலோமீட்டருக்குள் என்றால் அடுத்தது. அங்கேயும் பேர் பெற்ற பள்ளிக்குப் பக்கத்து வீடுகளைப் பெற்றோர் துரத்துகிறார்கள். கோட்டைத் துல்லியமாகப் போட்டால், கோட்டுக்கு உள்ளே இருக்கும் வீட்டை வாங்க முடிந்தவனுக்கு அது இன்னும் துல்லியமாக உதவுகிறது.

ஆகவே கடையைத் திறக்கவா வேண்டாமா என்பதைப் புத்ராஜெயாவே சொல்லட்டும். வேண்டாம் என்றால் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை இடம், எல்லை எங்கே, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், மேல்முறையீட்டில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பதைப் பதிவுக் காலத்திலேயே வெளியிடுங்கள். அறை வாடகையில் இருப்பவனிடம் பில்லுக்குப் பதிலாக முதலாளியின் கடிதத்தையோ கிராமத் தலைவரின் சான்றையோ ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளைப் படிவம் ஒன்றில் பதினைந்துக்குக் குறையாமல் ஒன்றாகப் போடுங்கள். அதற்கு ஒரு சென் செலவில்லை, பட்டியல் போடும் கை கொஞ்சம் நிதானித்தால் போதும். ஒய்.பி. கடிதத்துக்கு இடம் உண்டு என்றால் அதையும் விதியில் எழுதிவிடுங்கள், ஏழைகளும் தெரிந்துகொள்ளட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த தீபாவளிச் சந்தைக்கு ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் மேடை போடுவார்கள். மாலை மரியாதையோடு ஒருவர் ஏறுவார், தமிழ்ப்பள்ளி பற்றித் தொண்டை கிழியப் பேசுவார். கீழே நின்றபடியே ஒரு கேள்வி கேளுங்கள்: "டத்தோ, உங்க வீட்டுப் பிள்ளைங்க எந்தப் பள்ளியில படிக்குது?" பதில் வரும்வரை கைதட்டாதீர்கள்.