குவார்ட்டர்பேக் வழக்கு

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை யாருக்கு எறிவது என்று குவார்ட்டர்பேக் சில நொடிகளுக்குள் முடிவு செய்தாக வேண்டும். அவரை வைத்துக்கொள்வதா, வழியனுப்புவதா என்று முடிவு செய்ய ரசிகர்களுக்குப் பல ஆண்டுகள் ஆகும்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் 2019-இல் டேனியல் ஜோன்ஸை வீரர் தேர்வில் ஆறாவது ஆளாக எடுத்தபோது, அவர் ஒரு பந்துகூட எறியும் முன்பே ரசிகர்கள் ஊளையிட்டுத் தீர்ப்பளித்துவிட்டனர். பிறகு நடந்ததெல்லாம் மேல்முறையீடுதான். 2020-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 80 கெஜம் ஓடியவர், பக்கத்தில் ஆளே இல்லாதபோது தடுமாறித் தானே விழுந்தார். ஓட்டத்தைப் பார்த்தவர்கள் ஒரு கட்சி, விழுந்ததைப் பார்த்தவர்கள் எதிர்க்கட்சி. தோல்விக்குக் காரணம் தடுப்பு வரிசையா, பயிற்சியாளரா, இவரேதானா என்று வாதம் நீண்டது. 2022 பருவத்தில் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றை வென்றதும் நிர்வாகம் 4 ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. எதிர்க்கட்சிக்கு அதன்பின் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

இத்தகைய விவாதங்களில் எப்போதும் நல்ல பெயர் எடுப்பவர் மாற்று குவார்ட்டர்பேக். களத்தில் இறங்காதவர் பந்தைப் பறிகொடுப்பதில்லை.

2024 நவம்பரில் ஜயன்ட்ஸ் ஜோன்ஸை விடுவித்தது. 2025 பருவத்தில் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அவரை வைத்து முதல் எட்டு ஆட்டங்களில் ஏழை வென்றது. ஜயன்ட்ஸ் தன் முதல் எட்டில் வென்றது இரண்டு.