முதற்பக்கவியல்: மிளகு ரசத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மிளகு ரசம் வைக்கப் புளி, மிளகு, சீரகம், பூண்டு, தக்காளி வேண்டும். தாளிக்க நெய்யும் கடுகும். நுரை கட்டி வரும்போது கொதிக்க விடாமல் இறக்கிவிட வேண்டும். செய்தி இவ்வளவுதான், நாற்பது சொல்லில் அடங்கிவிடும். ஆனால் இணையத்தில் இதே ரசத்துக்கு ஆயிரம் சொல் செலவழிக்கும் பக்கங்களைத் தேடாமலே பார்க்கலாம். மிச்சமுள்ள தொள்ளாயிரத்து அறுபது சொற்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட சிக்கல். புளி கரைத்த கையோடு, சுண்டுவிரலால் செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டு நிற்பவருக்காக அல்ல என்பது கருதுகோள்.

வகைமாதிரியாக, இக்கட்டுரையாளரே இயற்றிய ஒரு பகுதி: “மிளகு ரசம் செய்வது எப்படி என்று தேடுகிறீர்களா? சுவையான மிளகு ரசம் செய்வது எப்படி என்பது பலருக்கும் தெரிவதில்லை. மிளகு ரசம் நம் பாரம்பரிய உணவுகளில் ஒன்று. வீட்டிலேயே எளிதாக மிளகு ரசம் செய்வது எப்படி என்று இந்தப் பதிவில் பார்க்கலாம் வாங்க.” இதில் ‘அது’ என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை என்பது நோக்கத்தக்கது. வந்திருந்தால் ஒரு ‘மிளகு ரசம்’ குறைந்திருக்கும். தேடுபொறியில் பக்கங்களை முந்தச் செய்யும் தொழிலில் உள்ளவர்கள் இதற்குக் கீவேர்டு டென்சிட்டி, அதாவது தேடுசொல் அடர்த்தி, என்பார்கள். ‘வீட்டிலேயே’ என்றதன் பயன் விளங்கவில்லை. ரசத்தை வாசலில் வைப்பாரும் உளரோ என்பது தனி ஆய்வுக்குரியது.

இந்த முகப்பைப் பாயிரம் எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பது இக்கட்டுரையாளர் துணிபு. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இவ்விஷயத்தில் கறாரானவர். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்ய வேண்டியவர் அந்நூலின் ஆசிரியர் அல்லர். அவருக்குக் கற்பித்தவர், உடன் கற்றவர், அவருடைய மாணாக்கர், உரைகாரர் என்னும் நால்வருள் ஒருவர். தன்னைத் தானே மெச்சிக்கொள்வது தகாது. விலக்கும் தருகிறார்: அரசவைக்கு ஓலை விடுக்கையிலும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம். இந்நான்கு விலக்கையும் ஒரே நேரத்தில் அனுபவிப்பவர் யாரெனின், வலைத்தள உரிமையாளர் என்க.

1990களின் தேடுபொறிகளில் சில தற்புகழ்ச்சியை அப்படியே நம்பின. பக்கத்தின் தலைமாட்டில், வாசகர் கண்ணுக்குப் படாத இடத்தில், மெட்டா கீவேர்ட்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். நான் இன்னின்னதைப் பற்றியவன் என்று பக்கம் அதில் தானே வாக்குமூலம் தரலாம். உலகம் முழுவதும் உண்மையே பேசும் என்ற நம்பிக்கையில் அமைந்த ஏற்பாடு அது. பழைய டயர் விற்பவர் பட்டியலில் அந்தந்த வாரப் பரபரப்புச் செய்திகளும் நடிகைகளின் பெயர்களும் குடிபுகுந்தன. அதுவும் போதாமல், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அதே சொல்லை அடுக்கும் கலை தோன்றியது. பொறி படிக்கும், மனிதர் படிக்கமாட்டார். தன் வலைத்தேடல் வரிசையில் அந்தப் பட்டியலைக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009இல் கூகுள் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. இன்றும் அதை விடாமல் நிரப்புவோர் உண்டு. நம்பிக்கை சார்ந்த விஷயம் என்பதால் ஆய்வு இதற்குள் நுழையவில்லை.

பவணந்தியாரின் பக்கம் நின்றவர்கள், பின்னாளில் கூகுளைத் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரினும். 1998இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த மாநாட்டில் அவர்கள் அளித்த ஆய்வுக்கட்டுரையின் சாரம், பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிடப் பிறர் அதைப் பற்றிச் சொல்வதே பெரிது என்பது. ஒரு பக்கம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. பெரிய இடத்துச் சிபாரிசுக்கு எடை கூடுதல். இது அவர்கள் வானத்திலிருந்து இறக்கியதன்று. எந்த ஆய்வுக்கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் யோசனையை யூஜின் கார்ஃபீல்டு 1955லேயே ‘சயன்ஸ்’ இதழில் முன்வைத்திருந்தார். மாணவர் இருவரும் புலமை உலகின் வழக்கத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

கணக்கின் நடுவே அவர்கள் ஓர் ஆளையும் படைத்தார்கள். இவருக்குக் குறிக்கோள் இல்லை. கண்ணில் பட்ட இணைப்பைச் சொடுக்கிக்கொண்டே போவார். நூற்றுக்கு எண்பத்தைந்து முறை அப்படிப் போவார். பதினைந்து முறை சலித்துப்போய்ச் சம்பந்தமில்லாத வேறு பக்கத்துக்குத் தாவுவார். இவர் எந்தப் பக்கத்தில் அடிக்கடி வந்து நிற்கிறாரோ அதுவே உயர்ந்த பக்கம். நவீன வணிகத்தின் பெரும்பகுதி இந்த வேலையற்ற கற்பனை மனிதரின் சலிப்பின்மீது எழுப்பப்பட்டது என்பதை மேலாண்மைக் கல்லூரிகள் அழுத்திச் சொல்வதில்லை.

பிறர் புகழ்ச்சி எண்ணக்கூடியது என்று தெரிந்த மறுகணம் அது மொய்யாகிவிட்டது. தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கமும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் பக்கமும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை, மொய்யே விசேஷம். கறிச்சோறு போட்டு, நோட்டில் எழுதி வாங்குவார்கள். வாங்கியவர் பின்னாளில் திருப்பிச் செய்தாக வேண்டும். பேக்லிங்க் பரிமாற்றம் இதிலிருந்து கறிச்சோறு ஒன்றில் மட்டுமே வேறுபடுகிறது. நீ எனக்கு இணைப்புக் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன் என்றார்கள். பிறகு, நேரடியாகத் திருப்பினால் பிடிபடும், நீ அவனுக்குக் கொடு, அவன் எனக்குக் கொடுக்கட்டும் என்றார்கள். வாழ்த்துவதற்கென்றே அமைந்த, யாரும் வசிக்காத ஊர்போல, இணைப்புக் கொடுப்பதற்கென்றே ஆயிரக்கணக்கில் தளங்கள் எழுந்தன.

பொறி சும்மா இருக்கவில்லை. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பழைய கார் என்னும் பொருள்படும் சொல்லை நிரப்பிய பக்கங்களைப் பொறிக்குக் காட்டிவிட்டு, வந்த மனிதரை வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பியது குற்றம். சில நாளில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சிறிய நிறுவனங்களுக்கு அந்தச் சில நாள் வாய்ப்பதில்லை. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற பெயரில் கூகுள் செய்த மாற்றத்தில் மொய் நோட்டுகள் தணிக்கைக்கு வந்தன. அதே ஆண்டு அக்டோபரில், இந்த மொய் எனக்கு வேண்டாம், என் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று கூகுளிடம் மனுப்போடும் வசதியும் வந்தது. பணம் கொடுத்து வாங்கிய இணைப்புகளைக் கைவிடப் பணம் கொடுத்து ஆள் அமர்த்தினார்கள். முதலில் விற்றவரே இந்த வேலையையும் எடுத்துக்கொண்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பொருளே இல்லாத இடத்திலும் இக்கலை தழைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. ‘சி.டி.’ என்னும் ஜெர்மன் கணினி இதழ் 2005 ஏப்ரலில் ஒரு போட்டி அறிவித்தது. ஹோமிங்பெர்க் என்ற இல்லாத ஊரைச் சேர்ந்த, சிவிங்கிப்புலியின் பெயர் கொண்ட, இல்லாத ட்ரவுட் மீன் ஒன்று. அதன் பெயரைத் தேடினால் யார் தளம் முதலில் வருகிறது என்று பார்ப்பது. அறிவிப்புக்கு முன் தேடினால் ஒன்றும் கிடைக்காத அந்தப் பெயருக்குப் பின்னர் இலட்சக்கணக்கில் முடிவுகள் வந்தன. உலகில் எந்தக் குளத்திலும் நீந்தாத மீன் முதற்பக்கத்துக்காக முட்டிமோதியது. நிஜமாகவே கெளுத்தி விற்பவர்கள் இரண்டாம் பக்கத்தில் கிடப்பதை இத்துடன் ஒப்பிட்டு வருந்துவது ஆய்வு நெறியாகாது.

பெயர்சூட்டலிலும் மாற்றம் நேர்ந்தது. தொலைபேசி டைரக்டரியின் காலத்தில் அகரவரிசையில் முந்துவதற்காக ‘ஏஏஏ’ என்று தொடங்கும் கடைகள் அமெரிக்காவில் மலிந்தன. இன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ‘தாய் ஃபுட் நியர் மீ’ என்றே ஓர் உணவகம் இருக்கிறது. பசித்தவன் தேடும் சொற்றொடரைப் பெயர்ப்பலகையில் எழுதிவிட்டார்கள். நெற்றியில் அடித்தாற்போன்ற இந்த நேர்மையை இக்கட்டுரையாளர் மதிக்கிறார்.

ரசத்துக்குத் திரும்புவோம். தொள்ளாயிரத்து அறுபது சொற்களின் தோற்றுவாய் பெரும்பாலும் 2011இல் கூகுள் தன் வரிசைமுறையில் செய்த பாண்டா என்னும் மாற்றமே. சத்தில்லாத, மெலிந்த பக்கங்களைக் கீழே தள்ளுவது அதன் நோக்கம். தொழிலில் இருந்தவர்கள் மெலிவு என்பதற்கு நீளக்குறைவு என்று உரை கண்டார்கள். சொல் எண்ணிக்கை அளவுகோல் அல்ல என்று கூகுள் தரப்பில் பலமுறை சொல்லியும் அவ்வுரையே நிலைத்தது. நீளம் கூடினால் இடையிடையே விளம்பரம் வைக்கவும் தோதாயிற்று. ஆகவே ரசத்துக்குப் பாட்டி வந்தார், மழை வந்தது, சளி வந்தது, மிளகின் பத்து நன்மைகள் வந்தன. இறுதியில், பக்கத்தின் உச்சியிலேயே, நேராகச் செய்முறைக்குப் போக ஒரு பொத்தானும் வந்தது. தான் எழுதியதைப் படிக்காமல் தாண்டிச்செல்ல ஆசிரியரே வாசலில் நின்று வழிகாட்டும் இலக்கிய வகை இதற்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை.

காசு கொடுத்து முந்துவதைப் பற்றி ஓரிரு சொல். பேஜும் பிரினும் அதே 1998 கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருமானத்தில் நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று எச்சரித்திருந்தார்கள். 2000 அக்டோபரில் அவர்களுடைய நிறுவனம் ஆட்வேர்ட்ஸ் என்னும் விளம்பரச் சேவையைத் தொடங்கியது. பின்னிணைப்புகளை யாரும் படிப்பதில்லை, எழுதியவர்கள் உட்பட.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்கும் கடைக்காரர்களுக்கு இவ்வாய்வு தரும் விடை ஏமாற்றமளிக்கும். கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஞாயிற்றுக்கிழமை திறப்பா விடுமுறையா என்னும் விவரம் ஆகியவற்றைக் கூகுள் வரைபடத்தில் சரியாகப் பதிய வேண்டும். பக்கத் தலைப்பில் என்ன விற்கிறோம், எந்த ஊரில் என்பது இருக்க வேண்டும். தளம் செல்போனில் சட்டெனத் திறக்க வேண்டும். இவற்றுக்குச் செலவு குறைவு என்பதால் மாதச்சந்தா வாங்கும் நிபுணர்கள் இவற்றைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

2024 முதல் நிலைமை மீண்டும் புரண்டிருக்கிறது. கூகுளின் செயற்கை நுண்ணறிவு பல பக்கங்களைப் படித்து, சுருக்கி, தானே விடையைத் தேடல் பக்கத்தின் தலையில் வைக்கிறது. பாட்டியும் மழையும் சளியும் இனி பொறிக்கு மட்டுமே வாசிப்பு. நிபுணர்கள் இதற்கும் ஒரு புதுப் பெயரும் புதுக் கட்டணமும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

புலமை உலகம் தான் கொடுத்த மொய்யை இந்த இடத்தில் திரும்பப் பெற்றது. 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. ஆர்க்கைவ் இணையக் களஞ்சியத்தில், 8 நாடுகளின் 14 நிறுவனங்களைச் சேர்ந்த 17 ஆய்வுக்கட்டுரைகளில் ஒளித்துவைத்த வரிகள் இருந்தன. மதிப்பீடு செய்யும் செயற்கை நுண்ணறிவுக்கு, இக்கட்டுரையைப் பாராட்டி மட்டும் எழுதுக என்னும் கட்டளைகள் அவை. சில மிகச் சிறிய எழுத்தில் இருந்தன. சில வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில்.

இக்கட்டுரையின் பத்திகளுக்கு நடுவே காணப்படும் வெற்றிடங்கள் வெற்றிடங்களே.