நெஞ்சளவு தண்ணீருக்கு ஒரு கால்சட்டை

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்று ஒரு சிற்றூர். வாத்து போலக் கத்துவதற்கு 1936-இல் உலகப் போட்டியே தொடங்கிய ஊர். அங்கே வாத்து வேட்டைக்கு வரச்சொல்லி அலுவலக நண்பர் கூப்பிட்டிருக்கிறாரா? துப்பாக்கி அவர் தருவார். படகும் நாயும் அவருடையவை. உங்களிடம் கேட்பது ஒன்றே: வேடர்ஸ் இருக்கிறதா? பாதம் முதல் நெஞ்சு வரை ஒரே துண்டாக, பூட்ஸோடு சேர்த்து ஒட்டி, தண்ணீர் புகாது என்று நம்பி வாங்கப்படும் கால்சட்டை அது. இல்லை என்றால் பயணத்திலிருந்தே தப்பித்துவிடலாம். அப்படிச் சொல்ல வாய் வராதவர்கள் மேலே படிக்கலாம்.

தொடை வரைக்கும் வருவது, இடுப்பு வரைக்கும் வருவது என்று மலிவாகவும் கிடைக்கும். வேண்டாம். குளிர்காலத்தில் அங்கே ஓக் மரக்காடுகளில் வேண்டுமென்றே தண்ணீரைத் தேக்குவார்கள். உதிர்ந்து கிடக்கும் ஓக் கொட்டைகளைத் தின்ன மல்லார்ட் வாத்துகள் மரங்களுக்கிடையே இறங்கும். "முழங்கால் ஆழம்தான்" என்பார் நண்பர். உண்மையாகவே சொல்கிறார், அவர் நிற்கும் இடத்தில் அவ்வளவுதான். உங்களுக்கு ஒதுக்கும் மரத்தடியில் வேர் இருக்கும், பழைய வாய்க்கால் இருக்கும்.

அடுத்து துணி. நியோப்ரீன் என்றால் 3.5 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் என்று தடிமன் சொல்வார்கள். அசையாமல் நிற்பவருக்குக் கதகதப்பு. சேற்றில் கால் மைல் நடப்பவருக்கு நீராவிக் குளியல். 'பிரீத்தபிள்' என்ற மெல்லிய ரகம் வியர்வையை வெளியே விடும், சூடு எதுவும் தராது. உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளி உங்கள் செலவு. சுருக்கமாக, நியோப்ரீனில் உள்ளிருந்து நனைவீர்கள், மலிவான பிரீத்தபிளில் வெளியிலிருந்து நனைவீர்கள். எப்படி நனைய விருப்பம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் கடையில் பாதி நேரம் மிச்சம்.

பூட்ஸில் 800 கிராம், 1600 கிராம் என்று எழுதியிருக்கும். "ஒரு காலுக்கா, ரெண்டு காலுக்குமா?" என்று கேட்டுவிடாதீர்கள். அது பூட்ஸின் எடை அல்ல. உள்ளே வைத்திருக்கும் குளிர்காப்புப் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. அதிகக் குளிருக்கு அதிகக் கிராம். அதற்குமேல் மூன்று ஜோடி காலுறையைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும்.

அளவு பார்க்க வீட்டிலுள்ள அத்தனை கம்பளியையும் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். வேடர்ஸை மாட்டி, குந்தி உட்காருங்கள். ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். படகில் ஏறுவது அப்படித்தான். மற்ற வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தையல் கிழிவதாக இருந்தால் கடையிலேயே கிழியட்டும், இன்னும் காசு கொடுக்கவில்லை.

மரப்பட்டையும் இலையும் அச்சிட்ட உருமறைப்புத் துணிக்குத் தனிப் பெருமை உண்டு. மோஸி ஓக், ரியல்ட்ரீ என்ற இரண்டு பெரிய பெயர்களும் 1986-இல் பிறந்தவை. அன்றிலிருந்து எந்த இலை சிறந்தது என்று நண்பர்கள் பிரிந்திருக்கிறார்கள். மரத்தோடு ஒட்டி நிற்கும்போது நெஞ்சுப் பகுதிக்கு அது உதவும், மறுக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள இலைகளை மீன்கள் ரசிக்கும்.

இனி, கடையில் எவரும் வாய் திறக்காத விஷயம். சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்துதான் சுடலாம். ஆனால் நல்ல இடம் பிடிக்க நடுநிசி கடந்ததுமே கிளம்பியாக வேண்டும், சுடும் நேரம்வரை விழித்திருக்கக் காபி. அந்தக் காபி ஐந்தரை மணிக்குத் தன் வழியைக் கேட்கும்போது நீங்கள் இடுப்பளவு குளிர்ந்த நீரில் நிற்பீர்கள். மேலே கோட்டு, கோட்டுக்குள் தோள்பட்டி, பட்டிக்குக் கீழே வேடர்ஸ், அதற்குள் இரண்டு கால்சட்டை. முன்பக்கம் ஜிப் வைத்த ரகம் விலை கூடத்தான். வேறு எதில் கஞ்சத்தனம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள்.

இடுப்புப் பட்டையில் மட்டும் கேலி வேண்டாம், கட்டுங்கள். வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைப் போல அடியில் இழுத்துவிடும் என்பது கட்டுக்கதை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடையில்லை. ஆனால் கரையேறும்போது அத்தனையையும் நீங்கள்தான் தூக்க வேண்டும். இறுக்கிய பட்டை, புகும் தண்ணீரைத் தாமதப்படுத்தும்.

விலை? நூறு சொச்சம் டாலரிலும் கிடைக்கும், ஆயிரத்திலும் கிடைக்கும். ஒருவர் ஒரு நாளில் 6 வாத்துகளுக்கு மேல் எடுக்கக் கூடாது, மல்லார்ட் என்றால் 4. ஒரு வாத்துக்கு எத்தனை டாலர் என்று வீட்டில் எவரும் வகுத்துப் பார்க்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இவ்வளவும் வேண்டாம், நண்பரின் பழைய ஜோடியை இரவல் வாங்கிக்கொள்கிறேன் என்கிறீர்களா? தாராளமாக. இருட்டறையில் அதற்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஓட்டையெல்லாம் நட்சத்திரமாகத் தெரியும். எந்தக் காலில் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாத்துகளை ஏமாற்றி வரவழைக்க விடும் பொம்மை வாத்துகள் அசையாத நீரில் செத்தது போல மிதக்குமாதலால், வாத்துக் கூட்டம் வட்டமிடும்போது அலை எழுப்பக் காலால் தண்ணீரை உதைக்கச் சொல்வார்கள். மற்றக் காலால் உதையுங்கள்.