சத்தம் போடாதீங்க, கார் ஓடுது

பழைய கார் விற்கிறவர் பாட்டு போட்டுக் காட்டினால் உஷாராகிவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது. பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் ஒருவர் தன்னுடைய ஜெர்மன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எட்டு வருஷம் ஓடிய வண்டி. புதுசில் அதன் விலைக்கு நாகர்கோவிலில் ஒரு வீடு வாங்கியிருக்கலாம். இப்போது கேட்ட விலைக்கு அந்த வீட்டுக்கு ஒரு கார் ஷெட் கட்டலாம். என்னிடம் இருந்தது ஷெட்டுக்கான காசு.

கதவைச் சாத்தினார். 'டுப்' என்று ஒரு சத்தம், இரும்புப் பெட்டி மூடினதுபோல. ஏ.சி.யைப் போட்டார். பன்னிரண்டு ஸ்பீக்கரிலும் இளையராஜா வந்தார். "ஓட்டிப் பாருங்க சார்" என்றார். நான் எங்கே ஓட்டினேன், மிதந்தேன். அந்த இரண்டு கிலோமீட்டரில் நான் பரிசோதித்தது இளையராஜாவைத்தான். அவர் நல்ல கண்டிஷனில் இருந்தார்.

பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பினோம். களியக்காவிளை தாண்டி, குழித்துறை தாண்டி, மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வருவதற்குள் இருந்த இடைவெளியில்தான் முதல்முறையாக அதைக் கேட்டேன். 'ஊஊம்...' என்று தரைக்கடியில் யாரோ மாவு மில் ஓட்டுகிற மாதிரி. நடுநடுவே பாலத்து ஜாயின்ட்டில் 'டக்... டக்...'. பாலம் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். முழுவதும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"என்ன சத்தம் இது?" என்றேன். "டயர் உருளுற சத்தம். உருளாம பறக்குமா?" என்றாள் மனைவி. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை, வங்கியில் கொஞ்சம் பணமும் இருந்திருக்கும்.

நீங்களும் கேட்கலாம், அம்பாசிடரில் வளர்ந்த ஆளுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா என்று. அதில் இன்ஜின், கியர், கதவு, பின்சீட்டில் இருக்கும் பெரியம்மா எல்லாம் சேர்ந்து போட்ட சத்தத்தில் டயர் பாவம், வாயே திறக்க முடியாது. சொகுசுக் காரில் மற்றவர்களை எல்லாம் கம்பெனிக்காரன் வாயடைத்துவிட்டான். மிச்சமிருப்பது டயர் ஒன்றுதான். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து எல்லாரும் போனபிறகு ஒருவர் மட்டும் உட்கார்ந்து பேசுவாரே, அதுபோல.

முதல் சந்தேகம் கதவுமேல் விழுந்தது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கைக்கு எட்டியது கதவு, அவ்வளவுதான். ஒரு கடையில் நாலு கதவையும் பிரித்து உள்ளே பியூட்டைல் ஷீட் ஒட்டினார்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று தார் மாதிரி இருக்கும், மேலே அலுமினியம். தகரம் அதிராமல் பிடித்துக்கொள்ளுமாம். பதினெட்டாயிரம் ரூபாய். அது போதாதென்று கதவோரத்துக்குப் புது ரப்பர் பீடிங் வாங்கி நானே ஒட்டினேன். அதைச் சரியாக உட்காரவைக்க டிரைவர் பக்கத்துத் தூணில் இடைஞ்சலாக இருந்த ஒரு ஸ்டிக்கர்மேல் கறுப்பு டேப்பையும் ஒட்டினேன். அந்த ஸ்டிக்கரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை.

வேலை முடிந்தது. கதவு இப்போது 'டுப்' என்பதற்குப் பதிலாக 'டும்' என்றது. உள்ளே 'ஊஊம்' அப்படியே இருந்தது.

குறைந்திருக்கிறதா இல்லையா என்று நிரூபிக்க போனில் டெசிபல் ஆப் ஒன்றை முதலிலேயே இறக்கியிருந்தேன். வேலைக்கு முன்னால், மார்கழியில், ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் எண்பதில் போய் அளந்திருந்தேன்: 68. கதவு வேலை முடிந்து, அதே இடம், அதே எண்பது: 74. பதினெட்டாயிரம் கொடுத்து ஆறு டெசிபல் வாங்கியிருக்கிறேன் என்று இடிந்துபோனேன். சுற்றிலும் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. அது ஆடி மாதம். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் புகுந்து வரும் இடம் என்பதால்தானே அங்கே காற்றாலையே நட்டிருக்கிறான்! காற்றைப் பிடித்து கரென்ட் எடுக்கிற ஊருக்குப் போய் நான் டயர் சத்தம் அளந்திருக்கிறேன்.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனிடம் போனேன். "மாமா, சத்தம் ரெண்டு வழியா வரும். ஒண்ணு காத்து வழியா. அதுக்குக் கதவு, கண்ணாடி எல்லாம் அடைக்கலாம். இன்னொண்ணு இரும்பு வழியா. டயர் ரோட்டுல இடிக்க, அது சஸ்பென்ஷன்ல ஏறி, பாடி முழுக்க அதிர்ந்து வரும். சுசீந்திரம் இசைத்தூணைத் தட்டினா கல்லே பாடுதுல்லா? உங்க கார் அந்தத் தூண். நீங்க தூணுக்குப் பக்கத்துல ஜன்னலை அடைச்சிருக்கீங்க."

கூடவே இன்னொன்றும் சொன்னான். டயருக்குள் அடைபட்ட காற்றும் கடம் மாதிரி ஒலிக்குமாம், சுமார் 200 ஹெர்ட்ஸில். அதை அடக்க சில கம்பெனிகள் டயரின் உள்பக்கம் பாலியூரிதேன் ஃபோம் ஒட்டியே விற்கிறார்களாம். விலையைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஃபோம்தானே, நம்ம வீட்டில் பழைய மெத்தை இருக்கிறது!

மெத்தையில் ஒரு பட்டையை அறுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் டயரைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, டயருக்கு மெத்தையா? அது படுத்து உறங்கவா போவுது?"

விளக்கினேன். ஹெர்ட்ஸ் எல்லாம் சொன்னேன். அவர் பீடிக்குத் தீப்பெட்டி தேடினார். கடைசியில், "உங்க பைசா, உங்க டயரு" என்று ஒரே ஒரு சக்கரத்தில் போட்டுத்தரச் சம்மதித்தார். அது ரன்ஃப்ளாட் டயர். பக்கச்சுவர் பலகைபோல இருக்கும். கழற்ற இரண்டு ஆள், முக்கால் மணி நேரம். பசை தடவி மெத்தையை ஒட்டி மாட்டினோம். வடசேரி தாண்டவில்லை, ஐம்பதில் ஸ்டியரிங் பேய் பிடித்ததுபோல ஆட ஆரம்பித்தது. திரும்பி வந்து பிரித்தால், மெத்தை பிய்ந்து ஒரே பக்கமாகச் சுருண்டு கிடந்தது. பசையில்லாத இடத்தில் நன்றாக உறங்கியிருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. டயரை நிமிர்த்தி வைத்து, "கையைக் குடுங்க" என்றார். என் உள்ளங்கையை டயரின் பட்டன்மேல் வைத்து முன்பக்கமாக இழுத்தார். வழுவழு. பின்பக்கமாக இழுத்தார். சுருக்கென்று ரம்பப்பல்போலக் குத்தியது. "இதுதான் ஊளையிடுது. அலைன்மென்ட் போய் ஒரு சைடு தேய்ஞ்சிருக்கு. ஒவ்வொரு பல்லும் ரோட்டுல அறையுது. காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"நாற்பத்திரண்டு" என்றேன் பெருமையாக. காற்று கூடினால் வண்டி மிதக்கும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அவர் டிரைவர் கதவைத் திறந்து தூணில் தேடினார். "கம்பெனிக்காரன் இங்கதான் ஒட்டியிருப்பான்... இது யாரு டேப்பு ஒட்டினது?" டேப்பை உரித்தார். கீழே இருந்தது அந்த ஸ்டிக்கர்: 32.

அவர் அதோடும் நிறுத்தவில்லை. டயரின் ஓரத்தில் நாலு எண்ணைக் காட்டினார்: 2316. அதை நான் மாடல் நம்பர் என்று நினைத்திருந்தேன். சொல்லப்போனால் மறக்காமல் இருக்கும் என்று ஏ.டி.எம். கார்டுக்கே அதைத்தான் ரகசிய எண்ணாக வைத்திருந்தேன். "2016-ம் வருஷம் 23-வது வாரம். டயர் பிறந்த தேதி அண்ணாச்சி. எட்டு வருஷ ரப்பர் கல்லாப் போயிருக்கும்." கட்டணம் எவ்வளவு என்றேன். "மெத்தை போட்டதுக்கு மட்டும் தாங்க. இதுக்கு வேண்டாம்" என்றார். எனக்கு உபயோகப்பட்ட ஒரே விஷயம் இலவசமாகக் கிடைத்தது.

ஆனாலும் யார்மேலாவது பழி போடாமல் மனசு ஆறுமா? அத்தானுக்கு குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் உண்டு. "உங்க ரப்பர்தானே இப்படிக் கத்துது?" என்றேன். "வெளுக்க முன்ன தோட்டத்துக்கு வா மக்கா. யாரு கத்துதாங்கன்னு கேளு" என்றார்.

போனேன். இருட்டு. தலையில் லைட் கட்டிய பால்வெட்டுக்காரர் மரத்தில் கத்தியைச் சாய்த்துவைத்து ஒரு இழுப்பு இழுத்தார். நூல்போலப் பட்டை சுருண்டு விழுந்தது. வெட்டுத்தடத்தில் வெள்ளைக்கோடு ஓடி, சிரட்டையில் முதல் சொட்டு 'டொக்'. பிறகு பாலின்மேல் பால். ஒரு சத்தமும் இல்லை. போனை எடுத்து ஆப்பைப் பார்த்தேன்: 36. என் வாழ்க்கையில் பார்த்த மிகக் குறைந்த எண். அதை ரசித்துக்கொண்டு நின்றபோது காலில் அட்டை ஏறி வயிறு நிறையக் குடித்திருந்தது. அதற்கும் சத்தமில்லை.

"லாரி டயர், ஏரோப்ளேன் டயர்னா நம்ம சரக்கு கூடுதல். உன் கார் டயர்ல பெட்ரோலியத்துல செஞ்ச ரப்பர்தான் அதிகம். எங்க மரத்தைச் சொல்லாத" என்றார் அத்தான். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சிரட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு மன்னிப்பும் கேட்டு வந்தேன்.

புது டயர் நாலும் போட்டேன். அதிலும் ஒரு கூத்து. ஐரோப்பாவில் 2012-லிருந்து டயரில் சத்தத்தின் அளவைப் போட்டு லேபிள் ஒட்டுகிறார்கள். அதைப் பார்த்து, 72 டெசிபலை விட்டுவிட்டு, கூடக் காசு கொடுத்து 70 வாங்கினேன். அக்கா மகன், "மாமா, அது வெளியே ரோட்டோரம் நிக்கிறவனுக்குக் கேட்கிற அளவு" என்றான். ஆக, வழியில் நிற்பவர்களுக்கு என்னாலான உதவி.

இருந்தாலும் அலைன்மென்ட், 32 காற்று, புது ரப்பர் எல்லாம் சேர்ந்து மாவு மில் நின்றுவிட்டது. ஒருநாள் முழுக்க ராஜாவாக ஓட்டினேன். மறுநாள் பின்பக்கம் 'கடக்' என்றது.

1958-ல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ்ராய்ஸுக்கு ஒரு விளம்பரம் எழுதினார். மணிக்கு அறுபது மைலில் போகும்போது அந்தக் காரில் பெரிய சத்தம் அதன் எலக்ட்ரிக் கடிகாரத்துடையதுதான் என்று. அதைப் படித்த அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஒருவர், "அந்தக் கடிகாரத்தை ஏதாவது பண்ணித்தான் ஆகணும்" என்றாராம். எனக்கு அந்த மனுஷனை நன்றாகப் புரிகிறது. ஒரு சத்தத்தை அடக்கினால் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அடுத்த சத்தம் எழுந்து நிற்கும். எனக்கு டாஷ்போர்டு முனகியது, சீட்பெல்ட் பக்கிள் தாளம் போட்டது, சாவிக்கொத்து குலுங்கியது.

'கடக்' மட்டும் மூன்று வாரம் பிடிபடவில்லை. மெக்கானிக் பின்சீட்டையே கழற்றினார். உள்ளேயிருந்து அத்தானின் சிரட்டை உருண்டு வந்தது. அவர் கூலி வாங்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு அவரே காசு கொடுத்திருப்பார்.

அதன்பிறகு நான் மனுஷனாக இல்லை. யார் ஏறினாலும், "கொஞ்சம் பேசாம இருங்க, ஒரு சத்தம் வருது" என்பேன். மனைவியின் வளையலைக் கழற்றச் சொன்னேன். காருக்குள் நேந்திரங்காய் வத்தல் தின்னத் தடை போட்டேன். இரண்டாவது மகள் அந்தக் காருக்கு 'லைப்ரரி' என்று பேர் வைத்தாள். இதற்கிடையில் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்ட ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்கவில்லை. பாட்டோடு சேர்ந்து நான் பாடுவது. "இவ்வளவு நாளும் டயர்தான் நம்மளைக் காப்பாத்தியிருக்கு" என்றாள் மனைவி.

2020-ல் வந்த ரோல்ஸ்ராய்ஸ் கோஸ்ட்டில் நூறு கிலோவுக்கு மேல் சத்தம் அடக்கும் சாமான் போட்டார்களாம். முதலில் செய்து பார்த்த காரில் அமைதி அளவுக்கு மீறிப்போய், உள்ளே இருப்பவர்களுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது என்று, மெல்லிசாக ஒரு முணுமுணுப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்களாம். அதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "அதுக்கு அவன் நம்ம பெரியம்மாவை ஏத்தியிருக்கலாம்" என்றாள் மனைவி.

போன மாசம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், தோவாளையில். மச்சினனின் பழைய ஆல்ட்டோவில் ஏழு பேர் நெருக்கிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, வத்தல் கொறித்து, கத்திப் பேசிக்கொண்டு போனார்கள். நான் தனியாகப் பின்னால் போனேன், பரம அமைதியாக. வழியில் கோயிலில் நிறுத்துகிறோம் என்று முன்னால் போனவர்கள் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்களாம். கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை; நேரே கல்யாண மண்டபத்துக்குப் போய் அரைமணி நேரம் ஒற்றையாக உட்கார்ந்திருந்தேன்.

அதனால் வண்டியை விற்பதாக முடிவு. ஜெர்மன் கார், புது டயர் நாலு, காற்று 32, கதவில் பதினெட்டாயிரத்துக்கு ஷீட், சிரட்டை இல்லை. வேண்டுமென்றால் வாருங்கள், ஓட்டிப் பார்க்கலாம். நல்ல பாட்டாகப் போட்டுத் தருகிறேன்.