ஒரு தட்டுக்கு ஒரு தீர்ப்பு

பாட்டு கேட்பதற்கென்று வீட்டில் ஓர் அறையை ஒதுக்கியவர்கள், அதன் சுவர்களில் எதை ஒட்டுவது என்ற வினாவுக்கு விடையை நூலிலோ அளவுகருவியிலோ தேடாமல், அறை நடுவே நின்று ஒருமுறை கைதட்டி, தலையைச் சற்றே சாய்த்துத் தீர்ப்பு வழங்கும் முறை நாடெங்கும் வேரூன்றியுள்ளது. சென்ற ஞாயிறன்று, புதிதாக ஃபோம் ஒட்டிய அறையொன்றில் நுழைந்த விருந்தினர், கைக்குழந்தைகள் நீங்கலாக, ஒருவர் விடாமல் இம்முறையைக் கையாண்டமையே இக்கட்டுரைக்கு உடனடிக் காரணமாகும். எந்த அறைக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்பது இறுதியில் தெளிவாகக் கூறப்படும்.

ஒலி எழுப்பிய பொருள் நின்ற பின்னும், அவ்வொலி சுவர்களில் பட்டுப்பட்டுத் திரும்பி அறையில் தங்கியிருப்பதை எதிர்முழக்கம் என்பர். அது 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரமே எதிர்முழக்கக் காலம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை என்ற குறையைத் தீர்க்கப் பணிக்கப்பட்ட வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியலாளர், ஊர் அடங்கிய இரவுகளில் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, ஒலி மறையும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். தாம் அணிந்த உடையும் ஒலியை உறிஞ்சி அளவைக் கெடுப்பதை அறிந்ததும், அதுவரை எடுத்த அளவுகளைத் தள்ளிவிட்டு, அதன்பின் எப்போதும் ஒரே உடையில் நின்று அளந்தார். அறையின் கன அளவு கூடினால் எதிர்முழக்கக் காலம் கூடும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற விதி சில ஆண்டு உழைப்புக்குப் பின்னரே அவருக்குக் கிட்டியது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு அவ்விதியைத் துணைக்கொண்டு அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தினர்க்கு இவ்வளவு காலம் தேவைப்படவில்லை. காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டனர்.

கைதட்டுவோர் பல வகையினர். முதல் வகையினர் நடுவர்; ஒருமுறை தட்டிவிட்டு மேற்கூரையைப் பார்த்து, "கொஞ்சம் ஓடுது" என்பர்; எது ஓடுகிறது, எங்கே ஓடுகிறது என்று கூறார். இரண்டாம் வகையினர் மூலையர். நான்கு மூலைக்கும் சென்று தட்டுவர், ஈசானிய மூலையில் மட்டும் சற்று மரியாதையாகத் தட்டுவர். மூன்றாம் வகையினர், கைதட்டல் பாமரர் முறை என்று கருதி, விரலைச் சொடுக்குவர். நான்காம் வகையினர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பர். அறையில் மைக் இல்லாதது அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. ஐந்தாம் வகையினர் பிறர் தட்டி முடிக்கும்வரை காத்திருந்து, "இல்லை" என்று மட்டும் கூறுவர். ஆறாம் வகையினர் நெருங்கிய உறவினர். "இந்தக் காசுக்கு முட்டை அட்டையே போதுமே" என்பர். காகிதக் கூழாலான மெல்லிய அட்டை ஒலியைப் பெரிதாக உறிஞ்சாது, ஆனால் எளிதில் தீப்பற்றும் என்று எடுத்துரைத்தால், சைவ வீடு என்பதால் மறுப்பு எழுவதாகக் கொள்வர். ஏழாம் வகையினர் முதல் வகையினரே. காபிக்குப் பின் மீண்டும் வந்து தட்டி, "இப்போ பரவாயில்லை" என்பர். அதற்குள் அறையில் ஆள் கூடியிருப்பதும், மனித உடலும் உடையும் ஒலியை நன்றாக உறிஞ்சும் என்பதும் அவர்கள் கணக்கில் வாரா.

இம்முறை முற்றிலும் பொய்யன்று. எதிரெதிரான இரு வெற்றுச் சுவர்களுக்கிடையே ஒலி விரைந்து முன்னும் பின்னும் ஓடி எழுப்பும் படபடப்பைக் கைதட்டல் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஆனால் அதில் தாழ்ந்த அதிர்வெண்கள் மிகக் குறைவாதலால், மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி எழுப்பும் தொப்பி அவ்வறையில் என்ன பாடுபடும் என்பதை அது சொல்லாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், ஓரங்குல ஃபோம் அதை ஒன்றும் செய்யாது, உயர்ந்த அதிர்வெண்களை மட்டுமே விழுங்கும். ஆகவே சுவரெல்லாம் ஃபோம் ஒட்டிய அறையில் கைதட்டல் அழகாக அடங்குகிறது. பாட்டிலோ தம்புராவின் மினுக்கம் செத்து, முழக்கம் மட்டும் எஞ்சுகிறது. இதனால் வீட்டுக்காரர்க்கு வருத்தமில்லை. அவ்வறையில் இனி எவரும் பாட்டு கேட்கப்போவதில்லை, கைதட்டத்தான் போகிறார்கள். பக்கத்து வீட்டு மிக்சி ஓசையை ஃபோம் தடுக்கவில்லையே என்று மட்டும் அவர் குறைகூறுவார். உறிஞ்சுதல் வேறு, தடுத்தல் வேறு, தடுப்பதற்கு எடைமிக்க சுவரும் இடுக்கற்ற கதவும் வேண்டும் என்று விளக்கினால், மறுமொழியாக இன்னொரு முறை கைதட்டிக் காட்டுவார்.

எந்த அறைக்கு எந்தப் பொருள் என்ற வினாவுக்கு இனி வரலாம். அதற்குமுன், குழித்த உள்ளங்கையால் தட்டுவோரையும் விரித்த உள்ளங்கையால் தட்டுவோரையும் ஒரே இனமாகக் கொள்ளும் பிழையைத் திருத்தியாக வேண்டும். குழித்த கை தாழ்ந்த ஒலியையும் விரித்த கை கூரிய ஒலியையும் எழுப்புவதால், ஒரே அறையைப் பற்றி இவ்விரு சாராரும் எந்நாளும் உடன்படப்போவதில்லை. இவர்களுள் வளையல் அணிந்து தட்டுவோர், காபி தம்ளரை ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் தொடையில் தட்டுவோர் முதலிய உட்பிரிவினர் இன்னும் வகைப்படுத்தப்படவில்லை; அப்பணி முடிந்த பின்னரே பொருள்களைப் பற்றிப் பேசுவது முறையாகும்.