பரீட்சை யாருக்குங்க மாப்ள?

ஏனுங் மாப்ள, உங்க பையன் பிளஸ்டூ வந்துட்டானாமா. யாரும் சொல்லோணும்னு இல்லீங்க, ஊட்டு வாசல்ல நின்னாலே தெரியுது. டிவிக்கு மேல போர்வை போத்தியாச்சு. மாரியம்மன் நோம்பிக்கு ஒறம்பரை யாரையும் கூப்புடலை. குக்கர் விசிலடிச்சாப் பையனுக்குக் கவனம் சிதறும்னு நம்ம அம்மிணி பருப்பைச் சட்டியில வேக வெக்குது. நெம்பச் சரி. பரீட்சை எழுதறது பையனா, இல்ல நீங்க ரெண்டு பேருமான்னு தான் எனக்குச் சித்தெ சந்தேகம்.

அதான் ரோசனை சொல்லலாம்னு வந்தேன். காசெல்லாம் வேண்டாங்க, ஒரு டம்ளர் காப்பி போதும். சக்கரை தூக்கலா. அம்மிணி, டாக்டர் சொன்னதை இப்ப ஞாபகப்படுத்தாத.

பையனை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல போடாம உட்டது உங்க தப்பு. நாமக்கல்லு பேரு வாங்குனதே ரெண்டுல தானுங்க, ஒன்னு முட்டை, இன்னொன்னு மார்க்கு. அந்தப் பள்ளிக்கோடங்களுக்கு பிராய்லர் பள்ளின்னு எவனோ பேரு வெச்சுட்டான். வெச்சவனுக்குக் கோழி தெரியாது. பிராய்லர் கறிக்கு வளக்கறது, ஆறு வாரத்துல கதை முடிஞ்சுது. இது முட்டைக்கோழிக் கணக்கு. முட்டைக்கோழி ஷெட்டுல பொழுது உழுந்ததும் லைட்டைப் போடுவோம். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருந்தா முட்டை நல்லா உழுகும். ஆனா மிச்சம் எட்டு மணி நேரம் அணைச்சுப்போடுவோமுங்க. இருட்டே காட்டாம வெச்சுப் பாருங்க, ஒன்னை ஒன்னு கொத்திப்போடும். முட்டுவழி போட்டவனுக்கு அந்த வலி தெரியும். உங்க ஊட்டுல வெடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பி ராத்திரி பதினொன்னு வரைக்கும் பையனை மேசையில ஒக்கார வெக்கறீங்க. கணக்குப் போட்டா அஞ்சு மணி நேரம் தான் மிச்சம். என்ற ஷெட்டுக் கோழி உங்க பையனை உடக் கொஞ்சம் சொகமாத் தான் இருக்குது.

டாக்டருங்க என்ன சொல்றாங்கன்னா, 13 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் 8 மணி நேரத்துல இருந்து 10 மணி நேரம் தூங்கோணுமாமா. அந்த வயசுல தூக்கம் வர்ற நேரமே பின்னால தள்ளிப் போயிருமாமா. பகல்ல படிச்சதை மண்டை அடுக்கி வெக்கறதும் தூங்கறப்பத் தானாமா. நீங்க அதுக்குச் சோம்பேறித்தனம்னு ஒரு பேரை வெச்சு, மூஞ்சீல தண்ணியத் தெளிக்கறீங்க. தெளிங்க தெளிங்க. தண்ணி நம்ம ஊர்ல ஏகமாத் தான கெடக்குது!

அப்புறம் இந்த ஒறம்பரை இருக்குதே. சோறு உண்டியா கண்ணுன்னு கேக்கறதுக்கு முன்னால "கட் ஆஃப் எத்தனை வரும்?"ங்குது. கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, ஆக 200. இது எனக்கே மனப்பாடம் ஆயிப்போச்சு, நான் அஞ்சாவதைத் தாண்டலை. நம்ம கோபிச்செட்டிபாளையத்துக்காரரு செங்கோட்டையன் மந்திரியா இருந்தப்ப, 2017ல, மாநில ரேங்க் அறிவிக்கறதையே சர்க்காரு நிறுத்திப்போட்டுது. பிளஸ்டூவுக்கு 1200 மார்க்கு இருந்ததையும் 600 ஆக்கி, 2019 பரீட்சையில இருந்து அதே தான் நடக்குது. மார்க்கு பாதியாக் கொறைஞ்சுது, சித்திக்கும் பெரியம்மாளுக்கும் ஆசை ஒரு மார்க்குக் கூடக் கொறையலை. அது சரி மாப்ள, அந்தக் காலத்துல உங்க கணக்கு மார்க்கு எத்தனைங்க? சரி சரி, உடுங்க. அம்மிணி காப்பி கொண்டாருது, பேச்சை மாத்திக்கலாம்.

ஒரு ரகசியம் சொல்றேன், வெளிய சொல்லீராதீங்க. இந்த ஊர்ப் பசங்கள்ல நெம்பப் பேருக்கு ராங்க் கார்டுல கையெழுத்துப் போடற கார்டியன் நான் தான். சாயங்காலம் பால் ஊத்தப் போறாப்பல வருவானுங்க, ரெக்கார்டு நோட்டுக்குள்ள கார்டை மடிச்சு வெச்சுருப்பானுங்க. அப்பிடித் தான் ஒருத்தன் வந்தான். பேனாவை நீட்டிப்போட்டுக் கார்டோட மேல் பாதியக் கையால மறைச்சுக்கிட்டான். கையெழுத்துப் போடறவன் பாக்கோணும்ல கண்ணுன்னு கைய எடுத்துப் பாத்தா, பிசிக்ஸுல 31. பாஸாக 35 வேணும். "எதுலடா போச்சு?"ன்னேன். லென்ஸுப் படத்துல வெளிச்சம் போற அம்புக்குறியத் திருப்பிப் போட்டுட்டானாமா. அதுக்கப்பறம் வந்த கணக்கெல்லாம் அந்த அம்பு போன பக்கமே போயிருச்சாமா. திண்ணை மண்ணுல குச்சியில வரைஞ்சு எனக்கே வெளக்குனான். வரையறப்பவே எந்த எடத்துல தப்புன்னு அவனே கண்டுபுடிச்சு, தலையில ஒரு தட்டுத் தட்டிக்கிட்டான். எனக்கு பிசிக்ஸு தெரியாதுங்க. நான் பண்ணுன ஒரே உபகாரம், பேசாம ஒக்காந்திருந்தது தான்.

அந்தப் பையன் யாருன்னு கேக்காதீங்க மாப்ள. மூக்கு அச்சு அசலா உங்க ஊட்டு மூக்கு.

கோவப்பட்டு எந்திரிக்காதீங்க, ஒக்காருங்க. அவன் 31ஐப் பாத்துப் பயந்து என்கிட்ட வரலை, உங்களைப் பாத்துப் பயந்து வந்தான். இன்னைக்குக் கார்டை மறைக்கறவன் நாளைக்கு எதை வேணாலும் மறைப்பான். மார்க்கு கொறைஞ்சு வந்தா மொதல்ல சோத்தைப் போடுங்க. அப்புறமேட்டிக்கு "ஏன்டா கொறைஞ்சுது"ன்னு கேக்காம, "எந்தப் பாடம் புரியலை"ன்னு கேளுங்க. ஏன்னு கேட்டாப் பொய் தான் வரும், எதுன்னு கேட்டா அம்புக்குறி வரும். புரியலைன்னா வாத்தியாரைப் போய்ப் பாருங்க. பையனைத் திட்டறதுக்கு ஆள் சேக்கப் போகாதீங்க, எங்க தட்டுதுன்னு கேக்கப் போங்க.

பையன் போனைப் புடுங்கி பீரோவுல பூட்டீட்டீங்களாமா. நல்ல காரியம். உங்க போனு எங்கீங்க? ராத்திரி பத்தரைக்குத் தாவாரத்துல படுத்துக்கிட்டு ஒவ்வொரு வீடியோவாத் தள்ளித் தள்ளிச் சிரிக்கறீங்களே, அந்தச் சத்தம் என்ற ஊட்டு வரைக்கும் கேக்குது. படிக்கற அறை பக்கத்துலயே தான இருக்குது?

உங்க தம்பி புள்ளையும் பிளஸ்டூ தான், மறந்துட்டீங்களா? அந்த ஊட்டுல எந்த டிவிக்கும் போர்வை போத்தலை. அது தண்ணி புடிச்சு, பாத்திரம் வெளக்கி, அப்பத்தாளுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துட்டுத் தான் புஸ்தகத்தைத் தொறக்குது. வருஷா வருஷம் பசங்களை உடப் புள்ளைங்க தான் எச்சாப் பாஸாகுதுன்னு பேப்பர்ல போடறான். சர்க்காருப் பள்ளியில படிச்சுட்டுக் காலேஜு போற புள்ளைக்கு மாசம் 1000 ரூவா புதுமைப்பெண் பணம் 2022ல இருந்து வருது. அதுக்குன்னு பாத்திரம் வெளக்குனாத் தான் மார்க்கு வரும்னு முடிவு கட்டீராதீங்க. அந்தப் புள்ளைக்கும் ஒரு மேசையும், வேலை சொல்லாத ஒரு சாயங்காலமும் குடுக்கச் சொல்லுங்க. உங்க பையன் தின்ன தட்டை அவனே கழுவட்டும், மார்க்கொன்னும் கொறைஞ்சுறாது.

மே மாசம் ரிசல்ட் வரும். அன்னைக்கு வர்ற ஒறம்பரை போனையெல்லாம் நீங்களே எடுங்க, பையன் கையில குடுக்காதீங்க. ஒரு பாடம் போச்சுன்னா ஜூன், ஜூலையில துணைத்தேர்வு வெக்கறாங்க. அதுல பாஸாயிட்டா அந்த வருஷமே காலேஜுல சேரலாம். பையன் மொகம் செத்துப்போய்ப் பேசாம மூலையில ஒக்காந்தாத் தனியா உட்டுராதீங்க. 104ன்னு ஒரு நம்பரு, 14416ன்னு இன்னொன்னு. ரெண்டும் சர்க்காரு நம்பரு, ராத்திரி பகல் எப்பக் கூப்புட்டாலும் எடுப்பாங்க, காசு கெடையாது. அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம். ரெண்டையும் இப்பவே உங்க போன்ல ஏத்தி வெச்சுக்குங்க மாப்ள, பையனுக்கும் சொல்லி வெய்யுங்க.